அக்கா வருவதற்கு முன் ஒரு ட்ரையல்

பெங்களூரில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இந்த ஊரில் நான் சுற்றிப் பார்த்த இடங்களை எண்ணச் சொன்னால் ஒரு கை விரல் போதும். அதிலும் கட்டைவிரல் மிச்சமாகும். ஈஜிபுராவில் வாடகை வீடு, பொம்மசந்திராவில் வேலை, இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ். அந்த பஸ் ஜன்னல் வழியாக ஒசூர் ரோட்டை நான் பார்த்த அளவுக்கு, அந்த ரோட்டைப் போட்டவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் பாதி நாள் தூங்கிக்கொண்டே பார்த்ததுதான்.

ஆனால் திருப்பத்தூரில் இருக்கும் என் அக்காவைக் கேட்டால் வேறு கதை சொல்லுவாள். அவள் கணக்கில் நான் தினமும் காலையில் கப்பன் பார்க்கில் நடப்பவன். சாயங்காலம் சட்டசபைக் கட்டடமான விதான சௌதா முன்னால் காற்று வாங்குபவன். இதெல்லாம் நானே போனில் கொஞ்சம் கொஞ்சமாக அளந்துவிட்டதுதான். ஒருமுறை, விளக்கு அலங்காரத்தில் மின்னும் விதான சௌதா படம் ஒன்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதை அப்படியே அக்காவுக்குத் தள்ளிவிட்டு, "இப்பதான் எடுத்தேன்" என்று கீழே ஒரு வரியும் போட்டேன். அப்போது நான் வீட்டில் லுங்கியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் அவள் ஊரைத் தாண்டிப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் போன் பண்ணினாள்.

"தம்பி, காலாண்டு லீவுல நானும் மாமாவும் ரெண்டு நாளு வர்றோம்டா. ஒரு வேலையும் இல்ல. சும்மா சுத்திப் பாக்கத்தான். நீதான் எல்லா இடமும் தெரிஞ்சவனாச்சே."

சும்மா என்ற சொல்லை அக்கா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷப் பொய்யை இன்னும் நான்கு வாரத்தில் உண்மையாக்கியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கம்பெனி வித்தை. நான் வேலை பார்ப்பது பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டமிடும் பிரிவில். எந்த மெஷினில் எந்த பாகம், எத்தனை நிமிஷத்தில், எத்தனை ஆளை வைத்து என்று கட்டம் கட்டிப் போட்டுக் கொடுப்பது என் வேலை. போட்டபடி எதுவும் நடக்காது என்பது வேறு விஷயம். ஆனால் கட்டம் மட்டும் பார்க்க அழகாக இருக்கும், மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

ஆக, அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக்கும் லேப்டாப்பில் கட்டம் கட்டினேன். இடம், போய்ச்சேரும் நேரம், கிளம்பும் நேரம், நடக்க வேண்டிய தூரம். இடைஞ்சல்களுக்கு என்று தனியாக ஒரு கட்டம். அதில் மழை, அக்காவின் முட்டிவலி, மாமாவின் டீ என்று மூன்றையும் வரிசையாகப் போட்டேன். மாமா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீ குடிக்காவிட்டால் நடக்கமாட்டார், பேசமாட்டார். கடைசியில் ஆட்கள் என்ற கட்டம். அதில் மூன்று என்று போட்டேன். அக்கா, மாமா, நான்.

என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். வாணியம்பாடிப் பக்கத்துக்காரி. ஈஜிபுரா மெயின் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறாள். வந்த ஆறே மாதத்தில் கன்னடம் பிடித்துக்கொண்டாள். கடைக்கு வரும் பாய்மார்களிடம் அவர்கள் உருதிலேயே நலம் விசாரிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஒன்பது வருஷத்தில் எனக்கு வந்த கன்னடமோ, பஸ்ஸை நிறுத்தவும் சாம்பார் இன்னும் கொஞ்சம் கேட்கவும்தான் ஆகும். கல்யாணமான புதிதில் அவள் மாதம் ஒருமுறை, "லால்பாக் தோட்டத்துக்கு எப்போங்க போலாம்?" என்று கேட்பாள். நானும் "போலாம், போலாம்" என்பேன். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்பதை விட்டுவிட்டாள் என்றால் ஆசையும் விட்டுப்போச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

அன்று அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து என் அட்டவணையை மேலிருந்து கீழே வரை படித்தாள். பிறகு மறுபடி மேலே போய், எதையோ தேடுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். வேலைப்பாட்டில் அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

"நல்லா இருந்தா போதாது. ட்ரையல் பாக்கணும்," என்றேன்.

எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு பாகம் செய்ய வேண்டுமென்றால் நேரே செய்துவிட மாட்டோம். முதலில் ஒரே ஒரு பீஸ் ஓட்டிப் பார்ப்போம். எத்தனை நிமிஷம் ஆகிறது, எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொள்வோம். அந்த ட்ரையல் பீஸ் வாடிக்கையாளருக்குப் போகாது. அளந்து முடித்ததும் ஒரு அட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். அதே முறையில், அக்கா வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு சுற்றையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அக்கா மாதிரி ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

"எனக்கு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமதான் லீவு," என்றாள் அவள். "இத ட்ரையலுக்கு எடுத்துட்டா அண்ணி வர்ற அன்னைக்கு எனக்கு லீவு கெடையாது."

"அத அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "லால்பாக்கும் உண்டா ட்ரையல்ல?"

"முழு ரூட்டும் உண்டு."

"சரி வர்றேன்," என்றாள்.

ட்ரையல் நாளன்று காலை ஆறு மணிக்கே குளித்து, பச்சைப் புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் புடவை கல்யாணத்துக்கு அவள் அம்மா எடுத்துக் கொடுத்தது. வீட்டு பீரோவை விட்டு அதிகம் வெளியே வராதது. நான் கையில் நோட்டும் போனில் ஸ்டாப்வாட்சுமாக நின்றேன். போகும் வழியிலேயே விதிமுறைகளைச் சொன்னேன்.

"நீ இன்னைக்கு நீ இல்ல. அக்கா. அக்காவுக்கு முட்டி வலி. அதனால மெதுவா நடக்கணும். படிக்கட்டுல ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெக்கணும். நடுநடுவுல நின்னு மூச்சு வாங்கணும்."

"உங்க அக்காவ மூணு வருஷமா பாக்குறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரிந்துதான் இருந்தது. மெட்ரோ ஸ்டேஷன் படியில் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "டேய், நில்லுடா! ரயிலு உன் அப்பன் வீட்டுதா?" என்று அச்சு அசலாக அக்கா குரலில் கத்தினாள். மூன்று வருஷத்தில் என்னை ஏங்க என்றும் என்னங்க என்றும் தவிர வேறு மாதிரி கூப்பிடாதவள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். படி ஏற மூன்று நிமிஷம் பத்து விநாடி.

அன்று முழுவதும் அவளுக்கு என்னை டா போட லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அதை அவள் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தவில்லை. ரயிலில், "டேய், ஜன்னல் ஓரமா இடம் புடிடா." கப்பன் பார்க்கில், "டேய், செருப்பு கடிக்குதுடா, கொஞ்சம் உக்காரலாம்டா." உட்கார்ந்ததும் நான் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன்.

விதான சௌதா எதிரில் போட்டோ எடுக்க ஆறு நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். அவளை நிற்கவைத்து, "சிரி" என்று சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்து, ஐந்து விநாடி கழித்து இறக்கினேன்.

"எடுத்தாச்சா?" என்றாள் ஆசையாக. "காட்டுங்க."

"நேரம் பாக்கத்தான். ட்ரையல்ல எதுக்கு போட்டோ?" என்றேன்.

இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. என் திட்டம் நிமிஷம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்த பெருமையில் இருந்தேன்.

மத்தியானம் அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரு ஓட்டலில் சாப்பாடு என்று திட்டம். அதற்கு முப்பத்தைந்து நிமிஷம். ட்ரையலுக்கு எதற்கு ஓட்டல் சாப்பாடு என்று அந்த ஓட்டலுக்கு எதிரே ஒரு கல் பெஞ்சில் இரண்டு பேரும் முப்பத்தைந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து நெய்யும் பெருங்காயமும் மணந்தன.

"டேய், அக்காவுக்குப் பசிக்குதுடா," என்றாள்.

"அக்கா இப்ப சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னும் பத்தொம்பது நிமிஷம் இருக்கு."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எழுந்துபோய் தள்ளுவண்டியில் நான்கு வாழைப்பழம் வாங்கிவந்து, எனக்கு இரண்டு கொடுத்தாள். "இது யாரு கணக்குன்னு எழுதிக்கோங்க," என்றாள். நான் நிஜமாகவே நோட்டைத் திறந்தேன்.

லால்பாக்கில்தான் வண்டி தடம் மாறியது. வாசலைத் தாண்டி உள்ளே போனதும் அவள் அக்காவை மறந்துவிட்டாள். முட்டி வலி மாயமாக மறைந்தது. கண்ணாடி மாளிகையைச் சுற்றி விறுவிறுவென்று ஒரு சுற்று சுற்றினாள். ஒரு பெரிய இலவ மரத்தின் கீழே போய் நின்றாள். ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழுந்து நிற்கும் அதன் வேரில் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றாள். காவலாளி ஒருவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். அவர் கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். நான் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "அக்கா இவ்ளோ வேகமா வரமாட்டாங்க, இவ்ளோ வேகமா வரமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு பெரிய பாறைக் குன்று இருக்கிறது. உச்சியில் சின்ன மண்டபம். அதைப் பார்த்ததும் புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓடியே ஏறிவிட்டாள். மேலே நின்று, "ஏங்க, இங்க வாங்க, காத்து எப்படி அடிக்குது பாருங்க!" என்று கையை ஆட்டினாள்.

நான் கீழே நின்றுகொண்டு ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் இருபது விநாடி. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"இது கணக்குல சேராது," என்று கத்தினேன். "எறங்கி வந்து அக்கா மாதிரி மெதுவா ஏறு."

அவள் கையை இறக்கினாள். பிறகு இறங்கி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான்கு எட்டுக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினாள். பக்கத்திலேயே நானும் ஏறினேன். இந்தத் தடவை டா இல்லை. பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. திருப்தியாகக் குறித்துக்கொண்டேன்.

மேலே போனதும், "இங்கேர்ந்து நம்ம வீடு எந்தப் பக்கம்ங்க?" என்றாள்.

"அக்கா அதெல்லாம் கேக்க மாட்டாங்க," என்றேன்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது திட்டத்துக்கும் நிஜத்துக்கும் வெறும் ஒன்பது நிமிஷம்தான் வித்தியாசம். அவளுக்கு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை. புடவையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு ரசம் வைக்கப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அக்காவும் மாமாவும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் இட்லி ஊற்றி வைத்துவிட்டு, என் மனைவி எட்டு மணிக்கே கடைக்குக் கிளம்பினாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வாம்மா. நீ இல்லாம என்னா சுத்துறது?"

"லீவு இல்ல அண்ணி. இந்த மாச லீவு முடிஞ்சிபோச்சு," என்றாள். என் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அப்போது கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி நான்கு நிமிஷம் ஆகிவிட்ட கவலையில் இருந்தேன்.

திட்டம் முதல் அரை மணியிலேயே மண்ணைக் கவ்வியது. மாமா தெருமுனையில் ஒரு டீ, மெட்ரோ வாசலில் ஒரு டீ என்று ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்கு மெட்ரோ பிடித்துப்போய், இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "குளுகுளுன்னு இருக்குதுடா. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு போயிட்டு வரலாம்" என்றாள். இரண்டு ஆறாகி, திரும்பி வந்தபோது என் கட்டத்தில் ஐம்பது நிமிஷம் காலி.

விதான சௌதா எதிரில் நின்றதும் அக்கா தன் போனை எடுத்து, நான் எப்போதோ அனுப்பிய படத்தைத் தேடிப் பிடித்தாள். படத்தையும் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நீ எங்கேர்ந்துடா எடுத்த இத? மேலேர்ந்து எடுத்தாப்புல இருக்குதே?"

"பக்கத்துல ஒரு பில்டிங் இருந்துச்சுக்கா. மாடியிலேர்ந்து எடுத்தேன்."

"எங்க? ஒண்ணையும் காணமே?"

"இடிச்சிட்டாங்க."

மாமா வாயைத் துடைப்பதுபோல் துண்டால் மூடிக்கொண்டார். அக்கா என் காதைப் பார்த்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள்; நான் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

லால்பாக்கில் என் மானம் முழுதாகக் கப்பலேறியது. உள்ளே போனதிலிருந்து அக்கா கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். இது என்ன மரம்? அந்தப் பூவுக்கு என்ன பேரு? இந்தக் கண்ணாடி வீட்டில் யாராவது இருந்தாங்களா? எனக்குத் தெரிந்ததெல்லாம் நிமிஷக் கணக்குதான். இந்த வாசலிலிருந்து கண்ணாடி மாளிகைக்கு எட்டு நிமிஷம், அங்கிருந்து கழிப்பறைக்கு நான்கு நிமிஷம். அதைச் சொன்னேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நீ இங்க வந்ததே இல்லியாடா?"

"வந்தேன்க்கா. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் வந்தோம். நானும் அவளும்."

"அப்ப அவளக் கேளு," என்று சொல்லிவிட்டு, அக்காவே போனை எடுத்து என் மனைவிக்கு அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் குறைவு போலிருக்கிறது. அவள் எடுத்தாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள். அதன் பிறகு சுற்றிக் காட்டும் வேலை என் கையை விட்டுப் போய்விட்டது.

"கண்ணாடி மாளிகைகிட்ட இருக்கீங்களா அண்ணி? அங்கேர்ந்து கொஞ்சம் தள்ளி ஒரு இலவ மரம் இருக்கும். வேரு செவுரு மாதிரி நிக்கும். அதுல கை வெச்சிப் பாருங்க, சில்லுனு இருக்கும்."

அக்கா போய்க் கை வைத்தாள். "ஆமாம்மா!" என்றாள். நானும் யாரும் பார்க்காதபோது வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. நடுவில் போனுக்குள், "ஒந்து நிமிஷா சார்" என்று யாரிடமோ சொல்லி, பில் போட்டு, சில்லறை கொடுத்துவிட்டு மறுபடி வந்தாள். ஏரிக்கரையில் எந்தப் பக்கம் போனால் நாரைகள் உட்கார்ந்திருக்கும், எந்த பெஞ்சில் நிழல் விழும் என்று எல்லாம் சொன்னாள். ஒரு அம்மாவிடம் உருதில் சர்க்கரை மாத்திரையைப் பற்றி விளக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ட்ரையல் அன்று நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் மரத்தையும் ஏரியையும் பார்த்திருக்கிறாள். மாமா டீயை மறந்து போனுக்குப் பக்கத்திலேயே நடந்துவந்தார். நான் மூன்று பேரின் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பாறைக் குன்றைப் பார்த்து அக்கா தயங்கினாள்.

"ஏறுங்க அண்ணி. நாலு எட்டு வெச்சி நின்னு, நாலு எட்டு வெச்சி நின்னு ஏறினா பன்னெண்டு நிமிஷம்தான். முட்டி வலிக்காது," என்றது போன்.

அக்கா ஏறினாள். மேலே போனதும் சுற்றிலும் ஊர் விரிந்து கிடந்தது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் கேள்வியாக, "உங்க வீடு எந்தப் பக்கம்டா?" என்றாள்.

நான் நான்கு திசையையும் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கட்டடம்.

"காலையில வெயில் வர்ற பக்கம் அண்ணி," என்றாள் என் மனைவி. "அன்னைக்கு எறங்கி வர்றப்ப அங்க இருந்த வாட்ச்மேன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன்."

அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். வீடு தெரியவில்லைதான், ஆனாலும் தெரிந்த மாதிரி தலையாட்டினாள். "எவ்ளோ நல்லா பாத்து வெச்சிருக்கே நீ! ஆமா, பன்னெண்டு நிமிஷம்னு எப்படி அவ்ளோ சரியாச் சொன்ன? நாலு எட்டுக்கு ஒருவாட்டி நின்னு ஏற உனக்கென்னா வயசாச்சா?"

போனில் கடை மின்விசிறியின் சத்தம் மட்டும் வந்தது.

"இல்ல அண்ணி. நான் ஓடித்தான் ஏறினேன். அப்புறம் எறங்கி வந்து உங்கள மாதிரி ஏறினேன். உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு பாக்குறதுக்கு."

"எனக்கா?"

"ஆமா அண்ணி. அன்னைக்கு முழுக்க நான் நீங்களாத்தான் வந்தேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கணும்னு அவரு ரொம்ப கஷ்டப்பட்டாரு. நானும் ஒருவாட்டி வரணும் அண்ணி. அந்த மண்டபத்துல கொஞ்ச நேரம் உக்காரணும். அன்னைக்கு உக்கார நேரம் இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. ஏதோ வாங்க வேண்டிய சாமானைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள். மாமாவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துப் பக்கம் போய்விட்டாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கம் உடம்பெல்லாம் பரவியது. மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் அவளை அவளாக இருக்க விடாமல், அந்த நாளையே பிடுங்கிக்கொண்டேன். அவளும் மல்லிகை வைத்துக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். இந்தப் பெண்ணிடம் நான் என்ன பேசுவது?

"அடுத்த லீவு எப்போ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம."

"இங்க வரலாமா? நாம ரெண்டு பேரும்?"

அவள் பதில் சொல்வதற்குள் கடையில் யாரோ வந்து கன்னடத்தில் காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள். அவள் எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. டிராயர் திறந்து மூடியது. பிறகு மறுபடி போனுக்கு வந்தாள்.

"வரலாம்," என்றாள். "இந்தவாட்டி நான் யாரா வரணும்?"